'பாப்பா அப்பா'

(திருவேட்டக்குடியில் நடந்த முன்னாள் மாணவர் கூடலில் பேசியது. மலர்க்குழு கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தந்திருக்கிறேன். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே இருக்கிறது.)



எனக்கு முன்பு பேசியவர்கள் கம்பெனி தொடங்கியது, வெளிநாட்டில் பேடண்ட் வாங்கியது என்றெல்லாம் சொன்னார்கள். கேட்கவே பெருமையாக இருந்தது. நம்மகிட்டே அந்த மாதிரி சரக்கு ஒண்ணும் இல்லீங்க. சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வேலையும் குடும்பமும்: பெண்கள் சமாளிப்பது எப்படி?' என்பது. 'என் குடும்பம் எப்படிப்பட்டதுன்னு தெரியுமாண்ணா?' என்று கேட்டேன். சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'அதையே பேசுமா, யாராவது பேசணும்ல' என்றார். அதனால் தலைப்பிலிருந்து விலகுவதற்கு எனக்கு முறையான அனுமதி இருக்கிறது.

விஷயம் இதுதான். நான் விவாகரத்து ஆனவள். என் கணவராக இருந்தவரும் இதே கல்லூரி, இதே வகுப்பு. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் எங்கள் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். 2016-இல் கல்யாணம், 2020-இல் பிரிந்தோம், 2022-இல் தீர்ப்பு. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, எட்டு வயது. ஏன் பிரிந்தோம் என்று இங்கே பேசப் போவதில்லை. அது எங்கள் இரண்டு பேர் சமாச்சாரம். பிரிந்த பிறகு அந்தக் குழந்தையை இரண்டு பேருமாக எப்படி வளர்க்கிறோம் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன். மகளிடமும் கேட்டேன். 'எம் பேரைச் சொல்லாதே, ஃபோட்டோ காட்டாதே' என்ற நிபந்தனையோடு சரி என்றாள்.

முதலில் ஒரு மொழிச் சங்கடம். நம் தமிழில் உறவுக்குச் சொல் பஞ்சமே கிடையாது. கணவனின் அண்ணன் தம்பி மனைவி என்றால் ஓரகத்தி. மனைவியின் அக்கா தங்கை புருஷன் என்றால் சகலை. பெண்ணைக் கொடுத்தவரும் பிள்ளையைக் கொடுத்தவரும் சம்பந்தி. இவர்களெல்லாம் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. யாரோ செய்த கல்யாணத்தால் சேர்ந்தவர்கள். அவர்களுக்கே பெயர் இருக்கிறது. ஆனால் இப்போது கணவனாக இல்லாத, என் பிள்ளைக்கு என்றைக்கும் தகப்பனாக இருக்கிற ஒருவரை நான் எப்படிக் குறிப்பிடுவது? 'முன்னாள் கணவர்' என்றால் பஞ்சாயத்துப் போர்டு முன்னாள் தலைவர் மாதிரி, பதவிக் காலம் முடிந்துபோனது போல இருக்கிறது. 'இணைப் பெற்றோர்' என்று எழுதுகிறார்கள். மனுவில் எழுதலாம், வாயில் வராது.

என் அம்மாச்சிதான் வழி காட்டினார். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் இல்லையா? மூத்த பிள்ளையின் பெயரோடு 'அப்பா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். அம்மாச்சி எங்கள் சண்டை எதையும் பொருட்படுத்தாமல், 'பாப்பா அப்பா சாப்ட்டுச்சா?' என்று பழைய வழக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் எனக்கு உறைத்தது. இந்தச் சொல்லில் மனைவியே இல்லையே! குழந்தை இருக்கிறது, அப்பா இருக்கிறார், அவ்வளவுதான். என் போனில் அவர் பெயர் இப்போது 'பாப்பா அப்பா'. அவர் போனில் நான் 'பாப்பா அம்மா'.

இன்னொரு வேடிக்கை. கல்லூரியிலே நாங்கள் வாடா, போடி. கல்யாணத்துக்குப் பிறகு பெரியவர்கள் முன்னால் நான் மட்டும் 'வாங்க, போங்க'. பிரிந்த பிறகு இரண்டு பேருமே 'நீங்க'. கோர்ட்டில் தானாக வந்த மரியாதை, அப்படியே நின்றுவிட்டது. மரியாதைக்கு நெருக்கம் மட்டுமா காரணம்? தூரத்தைச் சண்டையில்லாமல் வைத்துக்கொள்ளவும் மரியாதை உதவுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும். எஞ்சினியரிங் படித்த நான் சட்டம் படித்தது கோர்ட் வராந்தா பெஞ்சில். குழந்தை பராமரிப்புக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். இந்துக்களுக்கு அதோடு 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், 'அவருக்குப் பிறகு' தாய். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம். அதாவது, வளர்ப்பது நான், கையெழுத்து அவர். (காரைக்காலில் இதுவும் எல்லோருக்கும் இல்லை. 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அந்தக் கதையை ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.)

இந்த 'அவருக்குப் பிறகு' என்ற வார்த்தையைக் கேள்வி கேட்டவர் கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 'பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகு என்று பொருளல்ல, தகப்பன் குழந்தையின் பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளர்தான் என்று விளக்கம் தந்தது. வந்தனா சிவாவின் வழக்கும் இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. அவருடையது பிரிந்த தம்பதியின் வழக்கு. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள், பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். ஆனால் விதி மாறின சேதி எல்லா மேசைக்கும் போய்ச் சேருவதில்லை. என் மகளை ஒரு பள்ளியில் சேர்க்கப் போனபோது, 'ஃபாதர் வந்தாத்தான் ஃபாரம்' என்றார்கள். தீர்ப்பு நகலைக் காட்டினேன். 'அதெல்லாம் சரிம்மா, ஃபாதர் எப்ப வருவாரு?' அந்தப் பள்ளியின் பெயர் வேண்டாம். பாப்பா அப்பா மறுநாள் பஸ் ஏறி வந்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்த அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள், சினிமாவில் பார்த்த மாதிரி நாங்கள் அடித்துக்கொள்ளவில்லை என்று அவர்களுக்குச் சற்று ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

குழந்தைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் சொல்லியாகிவிட்டது. பிரிந்த பிறகும் இருவருக்கும் பொறுப்பு இருக்கும்படியான கூட்டுப் பராமரிப்பைச் சட்டத்தில் கொண்டுவரலாம் என்று சட்ட ஆணையம் 2015 மே மாதம் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது அறிக்கையாகவே இருக்கிறது.

எனக்கு மறக்க முடியாதது வேறொரு வழக்கு. எங்கள் தீர்ப்பு வந்த அதே 2022-ஆம் ஆண்டு. சென்னை உயர்நீதிமன்றம். மனைவி மகளோடு வேலைக்காகக் குர்கான் போய்விட்டார். கணவர் அங்கே போய் மகளைப் பார்க்க அனுமதி கேட்டார். அனுமதித்த நீதிபதி, வருகிற கணவரை விருந்தாளியாக நினைத்து, சிற்றுண்டி, சாப்பாடு கொடுத்து உபசரிக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டார். விருந்தினரைத் தெய்வமாகப் பார்க்கிற மரபையும் அதில் நினைவூட்டினார். ஜூலை மாதம். பேப்பரில் வந்ததும் ஊரெல்லாம் இதே பேச்சு. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு சில வாரங்களிலேயே அந்தப் பகுதியை ரத்து செய்தது. தம்பதி ஒருவரை ஒருவர் எப்படி நடத்த வேண்டும் என்பது வழக்கில் கேட்கப்பட்ட கேள்வியே அல்ல என்றது.

என் அம்மாவுக்கு முதல் உத்தரவு பிடித்திருந்தது. 'வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கக் கோர்ட்டா சொல்லணும்?' என்றார். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று பட்டது. காபி கொடுப்பது நல்ல பழக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் உத்தரவுப்படி போட்ட காபி என்ன ருசியாக இருக்கும்? குழந்தைக்குத் தெரியாதா? அம்மா முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தன் வீட்டுக்குள் யாரை எதுவரை விடுவது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். அதே சமயம் முதல் நீதிபதியின் கவலையும் பொய்யில்லை. வெறுப்பு குழந்தைக்குத் தானாக வருவதில்லை, யாராவது கற்றுக்கொடுத்தால்தான் வரும் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். அதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். உபசாரமும் இல்லாமல் வெறுப்பும் இல்லாமல் நடுவில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் எது என்பதுதான் கேள்வி.

கான்ஸ்டன்ஸ் ஆரன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விஸ்கான்சினில் விவாகரத்தான 98 ஜோடிகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, 1994-இல் புத்தகமாக எழுதினார். பிரிந்தும் நெருங்கிய சிநேகிதர்களாக இருப்பவர்கள், ஒத்துழைக்கிற சகாக்கள், கோபக்கார கூட்டாளிகள், பரம விரோதிகள் என்று அவர்களைப் பிரித்தார். முதல் இரண்டு வகையும் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதி. எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை, சகாக்கள். ஆபீசில் நமக்குப் பிடிக்காத ஒருவரோடு புராஜெக்ட் செய்வதில்லையா? அவர் கல்யாணத்துக்குப் போகாமல்கூட இருப்போம். ஆனால் தேதிக்கு வேலை முடியும். சினிமாவிலும் உதாரணம் உண்டு. தனுஷும் ஐஸ்வர்யாவும் 2022 ஜனவரியில் பிரிவை அறிவித்தார்கள், 2024 நவம்பரில் விவாகரத்து ஆனது. 2025-இல் மகன் பள்ளிப் படிப்பை முடித்த விழாவில் இருவரும் நின்றார்கள். ரசிகர்கள் உடனே 'சேர்ந்துட்டாங்களா?' என்று கேட்டார்கள். நம் ஊரில் அதுதான் கஷ்டம். ஒன்றாக நின்றால் சேர்ந்துவிட வேண்டும், சேரவில்லை என்றால் ஒன்றாக நிற்கக் கூடாது.

எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். நான் காரைக்காலில் அம்மாவோடு இருக்கிறேன். அவர் புதுச்சேரியில். மனுவோடு இரண்டு பக்க அட்டவணை கொடுத்தோம். இந்தக் கல்லூரியில் படித்த புத்தி எங்கே போகும், வரிசை எண் போட்டு, கட்டம் கட்டி! ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை சிதம்பரம். இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு காபிக் கடை. பையும் பாப்பாவும் கை மாறுவார்கள். ஞாயிறு மாலை திரும்ப அதே கடை. கடைக்காரர் முதல் மூன்று மாதம் எங்களை அண்ணன் தங்கை என்று நினைத்திருந்தார். திருத்தவில்லை. இன்றைக்கும் அங்கே விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். போன கூடலுக்கு அவர் வந்தார், பாப்பா என்னிடம் இருந்தாள்.

பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போகும். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிந்த புதிதில் வாட்ஸப்பில் செய்தி போட்டுக்கொண்டோம். 'மருந்து கொடுத்தாச்சா' என்று ஒருவர் கேட்டால் இன்னொருவர் காதில் 'மறந்துட்டியா' என்று விழும். பதிலுக்கு ஒரு 'ம்'. அந்த 'ம்'முக்கு ஆயிரம் அர்த்தம். எனவே நோட்டு. அதில் 'நீ', 'நீங்க' எதுவும் கிடையாது. 'வியாழன் இரவு இருமல். வெள்ளி காலை 7 மணி இன்ஹேலர் இரண்டு முறை. கணக்கில் 18. பல் ஒன்று ஆடுகிறது. புளியோதரை சாப்பிட்டாள்.' இப்படித்தான். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் அமையும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் தெரிந்தது.

பாப்பாவுக்கு வீசிங் உண்டு. போன ஐப்பசி அடைமழையில் புதுச்சேரியில் இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், கடைசியாக எப்போது என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டாராம். அவர் நோட்டை நீட்டினார். என் கையெழுத்தில் வெள்ளி வரைக்கும், அவர் கையெழுத்தில் சனி முழுவதும், மணியோடு இருந்தது. நெபுலைசர் வைத்து விடிவதற்குள் சரியாகிவிட்டது. எனக்குப் போன் வந்தபோது மணி இரண்டே கால். 'வரட்டுமா' என்றேன். 'மழையா இருக்கு, பஸ் இருக்காது. அரை மணிக்கு ஒருதரம் சொல்றேன்' என்றார். சொன்னார். ஐந்து முறை. கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன நேரத்துக்குப் போன் செய்தாரா என்றெல்லாம் கேட்காதீர்கள்.

பணம் சுலபம். ஃபீஸ் பாதிப் பாதி, மருத்துவம் யார் கையில் இருக்கும்போது வருகிறதோ அவர், வருஷக் கடைசியில் கணக்குப் பார்ப்போம். அதிகம் பேச ஒன்றுமில்லை.

கஷ்டமானது தீபாவளி. அதைவிடக் கஷ்டம் பாப்பா திரும்பி வந்து, 'அங்க நைட்டு பன்னெண்டு மணி வரைக்கும் படம் பாத்தோமே' என்று சொல்லும்போது முகத்தை மாற்றாமல் இருப்பது. அங்கே ஜாலி, இங்கே வீட்டுப்பாடம் என்று ஆகிவிட்டதே என்று எந்தத் தாய்க்கும் வயிறு எரியும். ஒன்று மட்டும் கறாராக வைத்திருக்கிறோம். குழந்தையைத் தூது அனுப்புவதில்லை. 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட கேளு' என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. சொல்ல வேண்டியது நோட்டில், அவசரம் என்றால் போனில்.

காதுகுத்து விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எங்கள் அம்மாவே கோபித்துக்கொள்வார். தீர்ப்பு வந்த வருஷம் பாப்பாவுக்கு ஐந்து வயது. மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம், 'நாமளே இங்க ஒரு கோயில்ல முடிச்சிடுவோம், அவங்க எதுக்கு?' அவர்கள் பக்கம், 'எங்க வீட்டுப் பிள்ளை, நாங்களே பாத்துக்குவோம்.' அம்மாச்சிதான் கேட்டார்: 'குலதெய்வம் யாரு வழி?' தகப்பன் வழி. 'யாரு மடியில ஒக்கார வைக்கணும்?' தாய்மாமன் மடியில். 'அப்பறம் எப்படிடி ஒரு பக்கத்தை விட்டுட்டு செய்வீங்க?' யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். தகப்பன் வீட்டுச் சாமி முன்னால், தாய் வீட்டு ஆள் மடியில். புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை அந்தச் சடங்குக்குத் தேவைப்படவில்லை. இரண்டு வீடும் குழந்தைக்காக ஒரு இடத்தில் நிற்பதுதான் தேவைப்படுகிறது.

போனோம். முதல் ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை. என் தம்பி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தான். ஆசாரி குத்தியதும் அவள் போட்ட சத்தத்தில் எங்கள் அம்மாவும் அவர் அம்மாவும் ஒரே சமயத்தில் ஓடிவந்து, ஒருவர் வாயில் சர்க்கரை, ஒருவர் காதில் ஊதல். பிறகு பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. சம்பந்தி உறவுக்கு விவாகரத்து கிடையாது போலிருக்கிறது.

பொதுவாகவே நம் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி அல்லாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்ப்பது புதிதில்லை. அக்காவும் தம்பியும் வளர்த்திருக்கிறார்கள். பாட்டியும் அத்தையும் வளர்த்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கடற்கரைக் குப்பங்களில் சித்தப்பா ஒரு பக்கம், அம்மாச்சி ஒரு பக்கம் என்று பிடித்துக்கொண்டு ஆளாக்கிய பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பெற்றவர்களே பிரிந்து நின்று வளர்த்தால்தான் பார்க்கிறார்கள்.

பாரிசில் இருக்கிற என் பெரியம்மா மகளும் பிரிந்தவள்தான். பிரான்சில் 2002 மார்ச்சில் வந்த சட்டம், பிரிந்த பின்னும் பெற்றோர் பொறுப்பு இருவருக்கும் கூட்டாகத்தான் என்கிறது. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று குழந்தை மாறி மாறி இருப்பதற்கும் அது இடம் தருகிறது. அவள் மகனுக்கு இரண்டு வீட்டிலும் ஒரு பல் துலக்கும் பிரஷ். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற எங்களுக்கு வாரா வாரம் மாற்றுவது ஒத்துவராது, பள்ளிக்கூடம் ஒன்றுதானே. சட்டம் வாசலைத் திறக்கும், தூரத்தைக் குறைக்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது எல்லோருக்குமான மருந்து இல்லை. அடி உதை இருந்த வீடு, குடி, மிரட்டல் இருந்த வீடு, அங்கே போய் 'குழந்தைக்காகப் பேசிப் போங்க' என்று யாரும் புத்தி சொல்லாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், தகப்பன் பார்க்க வருவது குழந்தைக்குக் கேடு என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் அதை மறுக்கலாம். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எங்களால் ஒரு நோட்டில் எழுத முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, வகுப்புத் தோழர்களுக்கு. நாங்கள் பிரிந்தபோது உங்களில் சிலர் என் கட்சி, சிலர் அவர் கட்சி. அன்பால்தான், புரிகிறது. ஆனால் என் கட்சிக்காரர்கள் என்னைப் பார்க்க வந்து, குழந்தை காதுபட அவள் அப்பாவைத் திட்டினீர்கள். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வீட்டிலும் அதேதான் நடந்திருக்கும். வகுப்பு குரூப்பில் கல்யாணப் பத்திரிகை போட்டு, 'ரெண்டு பேருல யாரைக் கூப்பிடுறது' என்று தனியாகப் பேசிக்கொண்டீர்களாம். இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். வருவதா, எத்தனை மணிக்கு வருவதா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்கு அட்டவணை போடத் தெரியும்.

தம்பி தங்கைகளே, உங்கள் ஹாஸ்டலில், உங்கள் வகுப்பில், இரண்டு வீடு உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். லீவுக்கு எந்த ஊருக்கு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்வார்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள், 'எந்த பஸ்' என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு சங்கதி. பாப்பா அப்பாவுக்குத் தை மாதம் கல்யாணம். இதையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். காரைக்காலில் பிறந்து வளர்ந்ததால் எனக்கு உடனே புனிதவதியார் நினைவுதான் வந்தது. ஆனி பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழாவில் பழம் இறைப்பதைப் பார்க்கிறோம், கதையின் பின்பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. பரமதத்தன் அவரை விட்டுவிட்டுக் கப்பலேறி, பாண்டி நாட்டில் இன்னொரு பெண்ணை மணந்து, ஒரு மகளையும் பெறுகிறான். அந்த மகளுக்கு அவன் வைத்த பெயர் புனிதவதி. முதல் மனைவியை உறவினர்கள் அழைத்துக்கொண்டு போனபோது, புது மனைவியோடும் மகளோடும் வந்து அவர் காலில் விழுந்தான். சொல்லாமல் போனது சரியா என்றால் சரியில்லை என்பேன். ஆனால் போனவன், விட்டுவந்தவளைப் பற்றிப் புது ஊரில் இல்லாததும் பொல்லாததும் சொல்லித் தன்னை நியாயப்படுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் தினமும் மகளைக் கூப்பிட்டிருக்கிறான்.

நாங்கள் அம்மையாரும் இல்லை, யாரும் யார் காலிலும் விழவும் வேண்டியதில்லை. போன மாதம் அந்தப் பெண் சிதம்பரத்துக்கு வந்திருந்தார். மூன்று காபி, ஒரு பூஸ்ட். எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இல்லை. அவருக்கும் இருந்திருக்காது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர், 'பாப்பாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்க?' என்று கேட்டார். நோட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. சித்தி என்ற சொல்லைக் கதைகளும் சினிமாவும் சேர்ந்து கெடுத்து வைத்திருக்கின்றன. பாப்பா இப்போதைக்கு 'அக்கா' என்கிறாள். அம்மாச்சிக்கு அது பிடிக்கவில்லை, முறை தப்பாக இருக்கிறதாம். உங்களில் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் சாப்பாட்டுப் பந்தலில் வந்து சொல்லுங்கள், நான் நாலு மணி வரை இருப்பேன்.